பழைய மீடியம் ஃபார்மட் கேமரா: வாங்கும் முன் கோளாறு பார்ப்பது எப்படி

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடும்போது, துணிமணிக்கும் பிளாஸ்டிக் சாமானுக்கும் நடுவே எப்போதாவது ஒரு யாஷிகா கேமரா தலைகாட்டும். திருப்பாதிரிப்புலியூரிலோ மஞ்சக்குப்பத்திலோ ஸ்டூடியோவை மூடிவிட்ட வீட்டில், பிள்ளைகள் பீரோவைக் காலி செய்யும்போது ஒரு மாமியா கேமரா வெளியே வரும். மற்றதெல்லாம் ஆன்லைன் விளம்பரம். எங்கிருந்து வந்தாலும் விற்பவர் பேச்சு இரண்டு வகைதான். "சூப்பரா ஓடிட்டிருந்த கேமரா சார்" என்பார். இல்லாவிட்டால், "அடிக்க மாட்டேங்குது சார், என்னன்னு தெரியல, பார்த்துப் போட்டுக் குடுங்க" என்பார்.

முதல் பேச்சை நம்பிக் காசைத் தொலைத்தவர்கள் நிறைய. இரண்டாவதைக் கேட்டு மிரண்டு, ஒரு வளையத்தைத் திருப்பினால் ஓடியிருக்கும் கேமராவை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. நம் கடலோரத்தில் கேமரா ஓடித் தேய்ந்து கெடுவது குறைவு. பீரோவுக்குள் சும்மா கிடந்துதான் கெடுகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

பார்க்கப் போகும்போது பையில் இருக்க வேண்டியவை: டார்ச்சும் ஸ்லோ மோஷனும் உள்ள போன், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு கேபிள் ரிலீஸ் (பொத்தானைத் தொடாமல் ஷட்டரை அடிக்க உதவும் கம்பி), மங்கலான செல்லோ டேப் கொஞ்சம், 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரி ஒன்று. அப்புறம், வீணாய்ப்போன ஒரு 120 ரோல், அதாவது பின்தாளோடு சுற்றி வரும் மீடியம் ஃபார்மட் பிலிம். இதுதான் முக்கியம். காலாவதியான ரோல் கிடைத்தால் சரி. கழுவிய ரோலின் பின்தாளை லேபில் கேட்டு வாங்கி ஸ்பூலில் சுற்றிக்கொண்டாலும் பல சோதனைகளுக்குப் போதும். விற்பவர் எதிரில் ரோல் போட்டு ஓட்டிப் பார்க்காமல் எந்தக் கேமராவையும் வாங்க வேண்டாம்.

ரோலே உள்ளே உட்காரவில்லை

அது 120 கேமராவாக இல்லாமல் 620 ஆக இருக்கலாம். பிலிமின் அகலம் ஒன்றுதான், ஸ்பூல்தான் வேறு. 620 ஸ்பூல் மெலிந்தது. கோடக் 620 ரோலை 1995-இல் நிறுத்திவிட்டது. இருட்டில் ஸ்பூல் மாற்றிச் சுற்றிப் போடுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முதல் கேமராவுக்கு அந்தத் தொல்லை வேண்டாம். அலமாரியில் அழகுக்கு வைக்க என்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

120 கேமராதான், ஆனால் உள்ளே காலி ஸ்பூல் இல்லை என்றால் பயப்பட வேண்டாம். எந்த 120 ஸ்பூலும் பொருந்தும். இலவசமாகக் கிடைக்கும் சாமான், ஆனால் அது இல்லாமல் முதல் ரோலைப் போடவே முடியாது. மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.

பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை

'ரிப்பேர்' என்று விலை குறைத்து வரும் கேமராக்களில் இங்கேதான் அதிர்ஷ்டம் இருக்கிறது. கேமரா வாரியாகப் பார்க்கலாம்.

யாஷிகா மேட் 124ஜி: ஷட்டர் பொத்தானைச் சுற்றி ஒரு பூட்டு வளையம் உண்டு. அது பூட்டிய நிலையில் இருந்தால் பொத்தான் உள்ளே போகாது. யாஷிகா டி-யில் வேறு கதை. பிலிம் சுற்றும் குமிழ் அசையவில்லை என்று கொண்டுவருவார்கள்; குமிழின் நடுவில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி விட்டால்தான் அது சுற்றும். ஷட்டரையும் லென்ஸ் பக்கத்தில் உள்ள லீவரால் தனியாக ஏற்ற வேண்டும், அதாவது அடிக்கத் தயாராக ஸ்பிரிங்கை முறுக்க வேண்டும்.

மாமியா ஆர்பி 67: பொத்தானைச் சுற்றி இதற்கும் பூட்டு வளையம் இருக்கிறது. ப்ரோ-எஸ் மாடலில் டார்க் ஸ்லைடு (பிலிமை மறைக்கும் தகடு) உள்ளே இருந்தாலோ, பேக்கில் (பிலிம் இருக்கும், கழற்றக்கூடிய பின்பெட்டி) பிலிமை நகர்த்தாமல் இருந்தாலோ அடிக்காது. உடலில் உள்ள பெரிய லீவர் கண்ணாடியையும் (வ்யூஃபைண்டருக்குப் பிம்பத்தைத் திருப்பும் மிரர்) ஷட்டரையும் ஏற்றும். பேக்கில் உள்ள லீவர் பிலிமை நகர்த்தும். இரண்டும் தனித்தனி வேலை. இன்னொன்று: பொத்தானை அழுத்தினால் கண்ணாடி 'டப்' என்று மேலே போகிறது, ஷட்டர் மட்டும் அடிக்கவில்லை. லென்ஸில் என், எம் என்று இரண்டு நிலை உள்ள ஒரு குமிழைப் பாருங்கள். அது எம்-இல் இருந்தால் ஷட்டர் லென்ஸில் மாட்டிய கேபிள் ரிலீஸுக்குத்தான் காத்திருக்கும். என்-க்குத் திருப்பினால் கோளாறு தீர்ந்தது. இதைத் தெரிந்துகொண்டவர் விற்பவரிடம் விலை பேசி முடித்த பிறகு திருப்புவாரா, முன்பே திருப்புவாரா என்பது அவரவர் மனசாட்சி.

ஹாசல்பிளாட் 500சி, 500சி/எம்: ஒரு படம் எடுத்ததும் வ்யூஃபைண்டர் இருண்டுவிடும். கண்ணாடி மாட்டிக்கொண்டது என்று நினைக்கிறார்கள். இந்தக் கேமராவில் பக்கவாட்டில் உள்ள கிராங்கை (சுற்றும் கைப்பிடி) சுற்றினால்தான் கண்ணாடி கீழே இறங்கும். ஆர்பி 67-லும் அப்படித்தான். டார்க் ஸ்லைடு உள்ளே இருந்தால் பொத்தான் இறங்காததும் இயல்பே. ஆனால் லென்ஸ் கழலவில்லை, கிராங்கும் சுற்றவில்லை என்றால் அது நிஜ ஜாம். உடலும் லென்ஸும் இரண்டுமே ஏற்றிய நிலையில் இருந்தால்தான் லென்ஸை மாட்டவோ கழற்றவோ முடியும். யாரோ ஒன்று மட்டும் விடுபட்ட நிலையில் முறுக்கியிருப்பார்கள். தெரிந்த மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலைதான், ஆனால் சந்தையில் நின்றுகொண்டு நீங்கள் ஸ்க்ரூடிரைவர் எடுக்காதீர்கள்.

மாமியா ஆர்இசட் 67, பிரோனிகா இடிஆர்எஸ், எஸ்க்யூ-ஏ, பென்டாக்ஸ் 67 இவையெல்லாம் 6 வோல்ட் பேட்டரி கேட்கும். பென்டாக்ஸில் பேட்டரி செத்தால் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். புதுப் பேட்டரி போட்டு முதலில் பாருங்கள். இதற்கு நேரெதிர் ஏமாற்றமும் உண்டு. பேட்டரி இல்லாமலேயே "பாருங்க சார், அடிக்குது" என்று காட்டுவார்கள். பிரோனிகா பேட்டரி இல்லாமல் 1/500-இல் மட்டும் அடிக்கும். ஆர்இசட் அவசர நிலையில் 1/400-இல் அடிக்கும். அந்த ஒரு 'டிக்' சத்தம் எதையும் நிரூபிக்காது. பேட்டரியைப் போட்டு ஒரு செகண்ட் வைத்து அடித்துக் கேளுங்கள்.

கீவ் 88 கையில் கிடைத்தால், ஷட்டரை ஏற்றாமல் வேகக் குமிழைத் தொடாதீர்கள். அப்படித் திருப்பினால் உள்ளே உடையும். உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் திருப்பினார்களோ யாருக்குத் தெரியும். அதனாலேயே கீவை நான் யாருக்கும் முதல் கேமராவாகச் சொல்வதில்லை.

யாஷிகா போன்ற பழைய இரட்டை லென்ஸ் கேமராக்களில் செல்ஃப் டைமர் இருந்தால் அதைச் சோதிக்காமல் விடுவதே நல்லது. உலர்ந்த கிரீஸில் அது பாதியில் நின்று ஷட்டரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வேகத்தை 1/500-க்கு மாற்றுவதாக இருந்தால் ஷட்டரை ஏற்றும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். பல பழைய லீஃப் ஷட்டர்களில் (லென்ஸுக்குள் இதழ் இதழாகத் திறப்பவை) ஏற்றிய பிறகு அந்த வேகத்துக்குத் தள்ளினால் கூடுதல் ஸ்பிரிங் முரண்டு பிடிக்கும்.

அடிக்கிறது, ஆனால் மெதுவாக

ஒரு செகண்டில் வைத்து அடித்தால் 'ஸ்ர்ர்ர்' என்று சீராக ஓடி 'டக்' என்று மூட வேண்டும். இழுத்து இழுத்து ஓடினாலோ, திறந்தபடி நின்றாலோ, உள்ளே எண்ணெய் பிசினாகிவிட்டது என்று அர்த்தம். அடுத்தடுத்து நிறைய முறை அடித்தால் வேகம் கொஞ்சம் கூடும். விற்பவர் நீங்கள் வரும் முன் இதைச் செய்து வைத்திருக்கலாம். எனவே கேமராவைச் சும்மா வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து முதல் அடியைக் கேளுங்கள். அந்த முதல் அடிதான் உண்மை சொல்லும்.

காதை நம்பாதவர்கள் போனை நம்பலாம். பின்கதவைத் திறந்து, எதிரே வெளிச்சமான சுவரை வைத்து, ஷட்டர் வழியாக 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் பதிவு செய்யுங்கள். வெளிச்சம் தெரியும் ஃபிரேம்களை எண்ணினால் போதும். 1/4 செகண்டுக்கு 60, 1/15-க்கு 16, 1/30-க்கு 8, 1/60-க்கு 4 வர வேண்டும். அதற்கு மேல் இந்த முறையில் அளக்க முடியாது. வேகமான பக்கத்தில் அரை ஸ்டாப் தள்ளாட்டம் பழைய லீஃப் ஷட்டருக்குச் சகஜம், நெகட்டிவ் பிலிம் அதைத் தாங்கும்.

மெதுவான வேகங்கள் மட்டும் தூங்கினால் வாங்கலாம். சர்வீஸ் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஷட்டர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தாலும் இதே கணக்குதான். யாராவது "கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டா சரியாயிடும்" என்றால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். ஆர்பி 67, மாமியா சி330 போன்றவற்றில் ஷட்டர் ஒவ்வொரு லென்ஸிலும் தனித்தனியாக இருக்கிறது. மூன்று லென்ஸோடு தந்தால் மூன்றையும் சோதிக்க வேண்டும்.

லென்ஸுக்குள் நூல், புகை, வானவில்

மற்றதை அவசரமாகப் பார்த்தாலும் இதில் நிதானமாக இருங்கள். காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வளரும். நம் ஊரில் அது வருடத்தின் பெரும்பகுதி. தோல் உறையோடு பீரோவில் வைத்த கேமரா என்றால் கேட்கவே வேண்டாம். தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு லென்ஸுக்கு ஊட்டும். 'ஒரிஜினல் லெதர் கேஸோட' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது.

பார்க்கும் முறை இது. பின்கதவைத் திறங்கள். அப்பர்ச்சரை (லென்ஸின் துளை) முழுதாகத் திறந்து, வேகத்தை பி-யில் (அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும் நிலை) வைத்து, கேபிள் ரிலீஸால் ஷட்டரைத் திறந்தே நிறுத்துங்கள். அறையை இருட்டாக்கி டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்து அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். பிறகு பக்கம் மாற்றி ஒருமுறை. கழற்றக்கூடிய ஆர்பி, ஹாசல்பிளாட் லென்ஸ்கள் ஏற்றிய நிலையில் திறந்தே இருக்கும், அப்படியே பார்க்கலாம். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பதில் பாதிக் குறை தெரியாது.

என்ன தெரியலாம்? ஓரத்திலிருந்து கிளம்பி உள்ளே கிளை பிரியும் மெல்லிய வெள்ளை இழைகள், சிலந்திவலை மாதிரி: அது பூஞ்சை. முழுப் பரப்பிலும் ஒரே சீரான மங்கல்: அது ஹேஸ், பெரும்பாலும் எண்ணெய் ஆவி படிந்தது, கழற்றித் துடைத்தால் போய்விடும். ஓரத்தில் வானவில் நிறத்தில் வட்டம், அல்லது நீர்க்குமிழி போல ஒரு திட்டு: ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் விலகத் தொடங்கிவிட்டன. விலகிய லென்ஸை ஒட்டித் தரச் சொல்லி அலைவதைவிட வேறு கேமரா பார்ப்பது மேல். ஷ்னைடர் லென்ஸின் உள்விளிம்பில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் மட்டும் தெரிந்தால், அது கருப்புப் பூச்சு விடுவது. படத்துக்கு ஒன்றும் ஆகாது. பூஞ்சை என்று சொல்லி விலையைக் குறைக்க வேண்டுமானால் உதவும்.

பூஞ்சையைக் காட்டினால் விற்பவர் சொல்லும் பதில் கிட்டத்தட்ட மனப்பாடம்.

"அது ஒண்ணுமில்ல தம்பி, ரெண்டு நாள் வெயில்ல வச்சா போயிடும்."

"வெயில்ல செத்துப்போகும் ஐயா, தடம் போகாதே."

"படத்துல தெரியாது தம்பி. இதுல எத்தன கல்யாணம் எடுத்திருக்கேன்."

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. வெயிலில் பூஞ்சை சாகும், ஆனால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றிருந்தால் அந்தத் தடம் துடைத்தாலும் இருக்கும். ஓரத்தில் நாலு இழை இருந்தால் படத்தில் தெரியாது என்பதும் சரிதான். நடுவில் படர்ந்திருந்தாலோ, பின்பக்கக் கண்ணாடியில் இருந்தாலோ, சூரியன் எதிரில் இருக்கும் படமெல்லாம் பால் கலந்தது போல வெளுத்துப் போகும். எனவே எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, துடைத்தால் போகும் இடமா என்று பாருங்கள்.

இரட்டை லென்ஸ் கேமராவில் மட்டும் ஒரு சலுகை உண்டு. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ்தான் படம் எடுக்கிறது. பூஞ்சை மேல் லென்ஸிலும் அதன் பின்னால் உள்ள மிரரிலும் மட்டும் என்றால் படத்தை அது தொடாது. அப்படிப்பட்ட யாஷிகாவைக் குறைந்த விலைக்குக் கேட்டு வாங்கலாம். கீழ் லென்ஸில் யாஷினான் என்று இருக்கிறதா யாஷிகார் என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். யாஷினானில் நாலு கண்ணாடி, யாஷிகாரில் மூன்று. யாஷிகார் ஓரங்களில் மிருதுவாக இருக்கும். எனக்கு முகங்களுக்கு அதுவே பிடிக்கும்.

திருகுகளில் துரு, மூலையில் வெள்ளைப் பொடி

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. தண்ணீர் புகுந்த வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கேமராக்களும் இன்று விற்பனைக்கு வரும். துடைத்துப் பாலீஷ் போட்டிருப்பார்கள்.

ஒட்டிய தோலின் ஓரம் தூக்கியிருக்கிறதா, திருகுத் தலைகள் பழுப்பாக இருக்கின்றனவா, உள்ளே பிலிம் உருளைகள் கையால் தள்ளினால் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்புக்காற்றோ தண்ணீரோ போயிருக்கிறது. ஃபோகஸ் குமிழ் கனமாக இருப்பது வேறு விஷயம், அது கிரீஸ் காய்ந்தது. ஆனால் 'கரகர' என்று மணல் அரைபடும் சத்தம் வந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம்.

ஃபிரேம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன

இதற்குத்தான் அந்த வீண் ரோல். கேமராவில் போட்டு, ஒவ்வொரு முறை நகர்த்திய பின்னும் கதவைத் திறந்து, ஃபிரேமின் நாலு ஓரத்தையும் பேனாவால் கோடு போடுங்கள் (124ஜி போல, கதவைத் திறந்தால் கவுண்டர் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும் கேமராக்களில் இந்த முறை சரிப்படாது). ஃபிரேம் அளவு செ.மீ.-இல் 6x6 என்றால் 12, 6x7-இல் 10, 6x4.5-இல் 15 அல்லது 16, 6x9-இல் 8 கட்டங்கள் வர வேண்டும். ரோலை வெளியே எடுத்து விரித்தால் கட்டங்களுக்கு நடுவே இடைவெளி கண்ணுக்குத் தெரியும். இடைவெளி கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஏறியிருந்தால் பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

கேமராவைக் குறை சொல்லிவிடும் முன் ரோல் போட்ட முறை சரியா என்று பாருங்கள். பின்தாளில் உள்ள அம்புக்குறியை உடலில் உள்ள குறிக்கு நேராக நிறுத்திவிட்டுத்தான் கதவை மூட வேண்டும். ரோலைஃப்ளெக்ஸ் ஆட்டோமேட்டில் அம்புக்குறிக்கு வேலை இல்லை. அடியில் உள்ள உணர் உருளைக்குக் கீழே தாளைச் செலுத்த வேண்டும். மேலே விட்டுவிட்டால் கவுண்டர் 1-க்கே வராமல் முழு ரோலும் ஓடிவிடும். பென்டகான் சிக்ஸில் லீவரை விரலிலிருந்து நழுவவிட்டுத் 'டப்' என்று திரும்ப விடக்கூடாது. அந்தப் பழக்கத்தாலேயே ஃபிரேம் ஏறுகிறது.

யாஷிகா மேட் 124, 124ஜி இரண்டிலும் கதவின் உள்ளே உள்ள பிலிம் அழுத்தும் தகட்டை நகர்த்தி 120-க்கோ, 24 படம் வரும் நீளமான 220-க்கோ வைக்கலாம். 220 ரோல் இப்போது அனேகமாகக் கிடைப்பதில்லை. யாரோ 24-இல் விட்டுவிட்ட தகடு, கவுண்டர் 12-இல் நிற்காமல் போவதற்குக் காரணமாக இருக்கும். ஹாசல்பிளாட் பேக் வாங்கினால் கூட்டின் எண்ணில் கடைசி மூன்று இலக்கமும் உள்கூண்டின் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் இரண்டு பேக்குகளைக் கலந்து விற்கிறார்கள். இடைவெளி பிசகும் வாய்ப்பு அதிகம்.

கழுவிய நெகட்டிவில் வெளிச்சம் அடித்திருக்கிறது

ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒரே இடத்தில் இருந்தால் கேமரா. ரோலின் ஓரங்களில் மட்டும், அங்கங்கே இருந்தால் ரோல் தளர்வாகச் சுற்றியிருக்கிறது அல்லது வெயிலில் வைத்து மாற்றியிருக்கிறீர்கள். கதவு ஓரத்து நுரைப் பட்டை விரலில் கருப்புத் தாராக ஒட்டினால் மாற்ற வேண்டும். செலவு கொஞ்சம், வேலையை நீங்களே செய்யலாம். டார்க் ஸ்லைடு நுழையும் வாயில் உள்ள சீலும் மாற்றக்கூடியதே. ஆர்பி 67, சி330 இரண்டிலும் பெல்லோஸ் (லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்த விரியும் மடிப்பு உறை) இருப்பதால், இருட்டறையில் உள்ளே டார்ச்சை வைத்து மடிப்பு மூலைகளைப் பாருங்கள். துணி ஷட்டர் உள்ள பென்டாக்ஸ் 67, பென்டகான் சிக்ஸ் போன்றவற்றில் சிறு பொத்தல் இருந்தால் எல்லாப் படத்திலும் ஒரே புள்ளி விழும்.

பார்த்தது கூர்மை, படம் மங்கல்

யாராவது கண்ணாடியையோ திரையையோ கழற்றித் தப்பாக மாட்டியிருப்பார்கள், அல்லது கேமரா கீழே விழுந்து முன்தகடு சாய்ந்திருக்கும். பின்கதவைத் திறந்து, பிலிம் தண்டவாளத்தின் மேல் மங்கலான டேப்பை இழுத்து ஒட்டுங்கள். பி-யில் ஷட்டரைத் திறந்து, மொட்டை மாடியிலிருந்து தூரத்து செல்போன் கோபுரத்தின் மேல் வ்யூஃபைண்டரில் ஃபோகஸ் செய்து, டேப்பில் விழும் பிம்பத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பிறகு இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு செய்தித்தாளை வைத்து மீண்டும் ஒருமுறை. பீச்சில் வைத்து இதைச் செய்ய ஆசை வரும். உப்புக்காற்றில் கேமராவின் முதுகைத் திறந்து வைக்காதீர்கள்.

லைட் மீட்டர் முள் அசையவில்லை

அதற்காக ஒரு நல்ல கேமராவை விடாதீர்கள். 124ஜி-யின் மீட்டர் 1.35 வோல்ட் பாதரசப் பேட்டரிக்குச் செய்தது. அது இப்போது வருவதில்லை. காது கேட்கும் கருவிக்கு விற்கும் 675 ஸிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் தரும், சில மாதம் ஓடும். பழைய செலீனியம் மீட்டர் என்றால் வயதானது, விட்டுவிடுங்கள். போனில் உள்ள லைட் மீட்டர் ஆப் இவை எல்லாவற்றையும்விட நம்பகம்.

வானத்தில் எண்களும் புள்ளிகளும் நிழலாகத் தெரிகின்றன

கேமராவைத் திட்ட வேண்டாம். பின்தாளில் அச்சிட்ட எண்கள் சூட்டிலும் ஈரத்திலும் பிலிமில் பதிவதால் வருவது இது. ரோலை ஃபிரிட்ஜில் மூடிய டப்பாவில் வையுங்கள், எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், போட்ட ரோலை மாதக்கணக்கில் கேமராவிலேயே விடாமல் எடுத்துக் கழுவக் கொடுத்துவிடுங்கள்.